நத்தமும் வீடும்

திண்டுக்கல் மாவட்டத்தில், சிறுமலை ஒருபுறமும் கரந்தமலை மற்றொருபுறமும் தோன்ற, மாந்தோப்புகளும் புளிய மரங்களும் சூழ அமைந்த ஊர் நத்தம். மாசித் திங்களில் அவ்வூர் மாரியம்மன் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். ஆயினும் நத்தம் என்பது இவ்வோர் ஊருக்கு மட்டும் உரிய பெயரன்று. தமிழ்நாட்டின் ஊர்க் கணக்குகளில் எல்லாம் நத்தம் என்று ஒரு நிலப்பகுதி குறிக்கப்பட்டிருக்கும். நன்செய் உழுவதற்கு உரியது. புன்செய் மானாவாரிக்கு உரியது. மேய்ச்சல் நிலம் கால்நடைக்கு உரியது. நத்தம் மக்கள் வீடு கட்டிக் குடியிருப்பதற்கு உரியது. வீட்டிற்கென்று நிலத்தை ஒதுக்கிவைத்த பின்னரே ஊரை ஊர் என்று நம் முன்னோர் கருதினர் என்பதை இச்சொல் காட்டுகின்றது.

இவ்வழக்கம் நெடுங்காலத்தது. கி.பி. 1010-இல் முடிவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்கள் பல எண்ணப்படுகின்றன. குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு ஊர்நத்தமும் அவற்றுள் ஒன்றாகக் கூறப்படுகின்றது. விளையும் நிலத்திற்கு வரி உண்டு. வாழும் நிலத்திற்கு வரி இல்லை. குடியிருக்கும் இடத்தை வருவாய் தேடும் பொருளாக அக்கால அரசு கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆனால் அக்கல்வெட்டுகளே மற்றோர் உண்மையையும் மறைக்காமல் கூறுகின்றன. ஊர்நத்தம் வேறு, சேரி வேறு என்று அவை பிரித்து எழுதியுள்ளன. ஊரின் உணவை விளைவித்தவர் பலர் ஊர்நத்தத்தில் இடம் பெறவில்லை. பிற்காலத்தில் நிலவுடையார் தந்த மூலையில் குடிசை போட்டு, அவர் போகச் சொன்ன நாளில் போக வேண்டியவராய் உழவுத் தொழிலாளர் வாழ்ந்தனர். 1971-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட குடியிருப்புச் சட்டமே, பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்த உழவுத் தொழிலாளர்க்கு அம்மனையைச் சொந்தமாக்கியது. எனவே, வீட்டைப் பற்றிய பேச்சைச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ தொடங்குதல் பொருந்தாது. நிலத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இன்று அந்நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருக்கின்றது. நத்தம் வட்டாரத்தில் அதற்குரிய காரணத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நத்தத்திற்கும் மதுரைக்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவு. முன்பு அது குறுகிய சாலை. இன்றோ நான்குவழிச் சாலை அமைந்துவிட்டது. மதுரை நகருக்குள் நத்தம் சாலையின்மேல் 7.3 கிலோமீட்டர் நீளமுள்ள உயர்மட்டப் பாலமும் 2023 ஏப்ரல் 8-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலைத் திங்களில் அச்சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டது. சாலை நல்லது, நூலகமோ மிக நல்லது. நோயாளி விரைவில் மருத்துவமனைக்குச் செல்கின்றான்; மாணவன் நகரத்துக் கல்லூரிக்குச் சென்று மாலையில் வீடு திரும்புகின்றான்; மாம்பழம் வாடுமுன் சந்தையை அடைகின்றது. ஆயினும் சாலை செல்லுமிடமெல்லாம் நிலத்தின் விலையும் உடன் செல்கின்றது. நகரத்தில் இடம் வாங்க இயலாதவர் சாலையோரத்து ஊர்களில் தேடுகின்றனர்; வீடு கட்டும் எண்ணமே இல்லாமல், விலை ஏறட்டும் என்று வாங்கிப் போடுவோரும் வருகின்றனர். ஊரிலேயே பிறந்து ஊரிலேயே கூலிக்கு உழைப்பவன், இவ்விருவரோடும் விலையில் போட்டியிட வேண்டியவனாகின்றான். அவன் கூலி ஏறும் விரைவும் மனையின் விலை ஏறும் விரைவும் ஒன்றல்ல.

இந்நிலையில் அரசின் உதவி இன்றியமையாதது. அவ்வுதவி வளர்ந்த வரலாறும் அறியத்தக்கது. 1985-ஆம் ஆண்டு தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் ஒரு வீட்டின் குறைந்த அளவு 20 சதுர மீட்டர் என்று கொள்ளப்பட்டது. 2016-இல் அதன் இடத்தில் வந்த பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில், சமையலிடம் உட்பட 25 சதுர மீட்டர், அஃதாவது ஏறத்தாழ 269 சதுர அடி என்று அஃது உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2011-இல் வந்த பசுமை வீடு திட்டம், 300 சதுர அடியில் சூரிய ஒளி விளக்குகளுடன் கூடிய வீட்டிற்கு 1,80,000 ரூபாய் அளித்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டம் 360 சதுர அடி வீட்டிற்கு 3,50,000 ரூபாய் என்று வகுத்தது. 2030-க்குள் 8 இலட்சம் வீடுகள் கட்டிக் குடிசையில்லாத் தமிழ்நாட்டைக் காண்பது அதன் நோக்கம். அளவும் தொகையும் படிப்படியாக உயர்ந்திருக்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரியது.

எனினும், உதவி பெற்ற வீடுகள் சில பாதியில் நிற்பதை ஊர்ப்புறங்களில் காணலாம். சுவர் எழுந்திருக்கும், தளம் இராது. அல்லது தளம் இருக்கும். கதவும் சன்னலும் இரா. தூண்களின் உச்சியில் இரும்புக் கம்பிகள் வானை நோக்கித் துருப்பிடித்து நிற்கும். ஏன் இந்நிலை? அரசு 360 சதுர அடிக்குப் பணம் தருகின்றது. கட்டுபவரோ 700 சதுர அடிக்குக் கடைக்கால் தோண்டுகின்றார். "ஒருமுறை கட்டுகிறோம், பெரிதாகவே கட்டிவிடுவோம்" என்பது அவர் எண்ணம். பக்கத்து வீட்டின் உயரமும் உறவினர் சொல்லும் அவ்வெண்ணத்தை வளர்க்கின்றன. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்னும் பழமொழி அச்சுறுத்துவதற்காக எழுந்ததன்று. அளவறியுமாறு எச்சரிப்பதற்கே எழுந்தது.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஒரே அளவு வருவாயுள்ள இரண்டு குடும்பங்களைக் கருதலாம். இரண்டிற்கும் 3 சென்ட் மனை உண்டு. சேமிப்பாக 4 இலட்சம் ரூபாய் உண்டு. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று கணக்கின் எளிமைக்காக வைத்துக்கொள்ளலாம். முதற் குடும்பம் 700 சதுர அடியில் வீடு கட்டுகின்றது. செலவு 14 இலட்சம். கடன் 10 இலட்சம். ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால், திங்கள்தோறும் ஏறத்தாழ 9,000 ரூபாய் கட்டல் வேண்டும். முடிவில் கட்டிய மொத்தத் தொகை 21 இலட்சத்து 60 ஆயிரத்தை எட்டும். இரண்டாவது குடும்பம் 400 சதுர அடியில் கட்டுகின்றது. செலவு 8 இலட்சம். கடன் 4 இலட்சம். அதே வட்டியில் 10 ஆண்டுக் கடன் என்றால், திங்கள்தோறும் ஏறத்தாழ 5,070 ரூபாய். மொத்தம் 6 இலட்சத்து 8 ஆயிரம்.

பத்து ஆண்டுகள் கழிகின்றன. இரண்டாவது குடும்பத்திற்குக் கடன் இல்லை. வீட்டுப் பத்திரம் பெட்டியில் இருக்கின்றது. முதற் குடும்பம் ஒரு திங்களும் தவறாது கட்டியிருந்தாலும், அசலிலேயே இன்னும் 7 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய் நிலுவை நிற்கும். அப்பத்தாண்டுகளில் மழை பொய்த்த ஆண்டு ஒன்று வரலாம், நோய் வரலாம், மகளின் கல்லூரிக் கட்டணம் வரலாம். அந்நாளில் 5,070 ரூபாய் கட்டுபவன் தடுமாறுவான். 9,000 ரூபாய் கட்டுபவன் வீழ்வான். நிழலுக்காகக் கட்டிய வீடு, உறக்கத்தைக் கெடுக்கும் வீடாக மாறுவது இவ்வாறே ஆகும்.

சிறு வீடு என்றவுடன், ஒடுங்கிய வாழ்க்கை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் வீட்டின் இன்பமும் துன்பமும் பரப்பளவை மட்டும் சார்ந்தவை அல்ல. வகுக்கும் முறையைச் சார்ந்தவை. நீளம் 40 அடி, அகலம் 10 அடி என்று ஒரு வீடு. நீளமும் அகலமும் 20 அடி என்று மற்றொரு வீடு. இரண்டின் பரப்பும் 400 சதுர அடியே. ஆனால் முன்னதன் புறச்சுவர் 100 அடி நீளும். பின்னதன் புறச்சுவர் 80 அடியில் முடியும். சுவரின் உயரம் 10 அடி என்றால், 200 சதுர அடிச் சுவரும், அதன் கடைக்காலும், பூச்சும், வெள்ளையும் மிச்சமாகும். மூலைகள் மிகுந்தால் செலவும் மிகும். தாளில் ஒரு கோட்டைத் திருத்துவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. எழுப்பிய சுவரை இடித்துத் திருத்துவதற்கோ அளவில்லை. ஆதலின் கல்லும் மணலும் வாங்குமுன் வரைபடம் வாங்குதல் அறிவுடைமை.

அந்த 20 அடிச் சதுரத்தை வகுக்கும் முறை ஒன்றைக் காணலாம். முன்புறம் 11 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள திண்ணை. அதன்பின் 15 அடிக்கு 11 அடியில் கூடம். பக்கத்தில் 10 அடிக்கு 9 அடியில் ஓர் அறை. அறையை அடுத்து 9 அடிக்கு 6 அடியில் அடுக்களை. அதற்கும் பின்னால் 9 அடிக்கு 4 அடியில் குளியலும் கழிப்பிடமும். சுவர்க் கனமும் சேர்த்து மொத்தம் சரியாக 400 சதுர அடி. அடுக்களைக்கும் குளியலறைக்கும் இடையே ஒரே சுவர் நிற்பதால், குழாய்கள் அனைத்தும் அதனைச் சார்ந்தே அமையும். கூடத்தின் சன்னல்கள் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பின் காற்று உள்ளே வந்து வெளியேறும். அறைக்குத் தாழ்ப்பாளுள்ள கதவு உண்டு. வளர்ந்த பெண்ணுக்கு அது பெருஞ்செல்வம். சன்னலோரத்தில் ஒரு பலகை உண்டு. படிக்கும் சிறுவனுக்கு அதுவே பள்ளிக்கூடம்.

இவற்றுள் திண்ணையைப் பலர் இன்று வீண் என்று நீக்கிவிடுகின்றனர். அது பெரும்பிழை. பகலில் முதியவர் அமரும் இடம் அது. வெயிற்காலத்து இரவில் படுக்குமிடமும் அதுவே. மிளகாய் காய்வதும், புளி கொட்டை நீக்கப்படுவதும், வழிப்போக்கன் தண்ணீர் அருந்துவதும் அங்கேதான். 55 சதுர அடித் திண்ணை நாள்தோறும் நான்கு அறைகளின் பணியைச் செய்கின்றது. பரணும் சுவர் மாடமும் அத்தகையனவே. அவை தரையில் இடம் கேளாமல் பொருளை ஏற்றுக்கொள்வன. பழந்தமிழ் வீடு சிறிதாய் இருந்தும் நெருக்கமாய்த் தோன்றாமைக்குக் காரணம் இவையே.

மூன்று சென்ட் என்பது 1,307 சதுர அடி. அதில் 400 சதுர அடி வீடு மூன்றில் ஒரு பங்கும் ஆகாது. எஞ்சிய இடத்தில் முருங்கையும் தென்னையும் நிற்கலாம். ஆடு மாடு கட்டலாம். இவற்றினும் மேலாக, வீடு வளரலாம். கூடத்தின் பின்சுவரில் நாளைய வாயிலுக்கு உரிய இடத்தை இன்றே குறித்து, அதன்மேல் உத்தரக் கட்டையும் போட்டு, வாயிலைச் செங்கல்லால் அடைத்துவைத்தால், பிறகு அச்செங்கல்லை எடுத்துவிட்டு ஓர் அறையைச் சேர்ப்பது எளிது. மகன் திருமணத்தின்போது ஓர் அறை. பின்னர் ஒரு மாடி என்று குடும்பத்தோடு வீடும் வளரும்.

இது கனவன்று, செய்து காட்டப்பட்டது. சென்னையில் 1977-இல் தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தின் கீழ், அரும்பாக்கம் முதலிய இடங்களில் முழு வீட்டிற்கு மாறாக மனையும் அடிப்படை வசதிகளும் ஏழையர்க்கு அளிக்கப்பட்டன. வீட்டை அவர்களே தம் ஆற்றலுக்கேற்பக் கட்டிக்கொண்டனர். இந்தூர் நகரில் பாலகிருஷ்ண தோஷி வகுத்த ஆரண்யா குடியிருப்பும் இம்முறையைப் பின்பற்றியதே. அங்கே எளியவர்க்கு மனையும் மேடையும் கழிப்பிடமும் தரப்பட்டன. திண்ணையும் படியும் மாடியும் அவரவர் கையால் எழுந்தன. தோஷிக்கு 2018-இல் கட்டடக் கலையின் மிக உயர்ந்த பன்னாட்டுப் பரிசான பிரிட்சுகர் பரிசு வழங்கப்பட்டது.

அளவுக்கு அடுத்து நிற்பது பொருள். ஊரிலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. அக்கருத்தைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த அவர், எளியவர்க்கு வீடு கட்டுவதில் பெரும்புகழ் பெற்றார். செங்கல்லைப் படுக்கவையாமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டினை அவர் பரப்பினார். இதனால் செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். இடைவெளியில் நிற்கும் காற்று வெயிலின் வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட்டுத் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவையைத் தாங்குவது இரும்புக் கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டின் பங்கு சிறிது. எனவே கம்பிகளின் இடையே பழைய ஓடுகளை வைத்து வார்க்கும் முறையையும் அவர் கையாண்டார். இதனால் சிமெண்டு குறையும், பளுவும் குறையும். செம்மண்ணோடு சிறிது சிமெண்டு கலந்து அழுத்திச் செய்யும் மண்கட்டிகளைப் புதுவைக்கு அருகில் உள்ள ஆரோவில் உலகறியச் செய்துள்ளது.

இம்முறைகள் யாவும் நத்தம் வட்டாரத்தின் வெயிலுக்கும் செம்மண்ணுக்கும் ஏற்றன. ஆயினும் பயிற்சியற்ற கையில் இவை பயன் தரா. விளிம்பில் நிறுத்தும் கட்டிற்கு நன்கு வெந்த, அளவு மாறாத செங்கல் வேண்டும். மண்கட்டிக்கு மண்ணைச் சோதித்தறிதல் வேண்டும். கொத்தனார்க்குப் பழகாத வேலையைக் கட்டாயப்படுத்தினால், மிச்சம் பிடித்த பணம் பழுதுபார்ப்பதிலே போய்விடும். ஆகவே கொத்தனார் பயிற்சியே இதன் முதற்படி. இம்மாவட்டத்திற்கு இத்துறையில் ஒரு பேறு உண்டு. டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம் இங்கேதான் உள்ளது; 1956-இல் தோன்றிய அதன் கிராமியக் கல்வி நிலையம் இன்று பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. ஊருக்கு ஏற்ற வீட்டை ஊரிலேயே ஆய்ந்து, கொத்தனார்க்குக் கற்பிக்கும் பணிக்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது. சிறு வீட்டு வரைபடங்கள் ஐந்தாறு ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் செலவோடும் பொருளளவோடும் தொங்கவிடப்பட்டிருத்தல் வேண்டும். அவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏழைக்கும் வேண்டும்.

சிறு வீட்டை ஆதரிப்போர் மறவாதிருக்க வேண்டிய படிப்பினை ஒன்று கேரளத்தில் உண்டு. 1972-இல் அங்குத் தொடங்கிய இலட்சம் வீடு திட்டம் நிலமற்றவர்க்கு வீடு தந்த பெருமுயற்சி. செலவைக் குறைப்பதற்காக ஒரு நடுச்சுவரின் இருபுறமும் இரண்டு குடும்பங்கள் வாழுமாறு இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. காலப்போக்கில் அச்சுவரே இடையூறாயிற்று. ஒருவர் புதுப்பிக்க விரும்பினால் மற்றவர் இசைய வேண்டும். ஒரு வீட்டின் பேச்சு மறு வீட்டில் கேட்கும். பின்னர் இரட்டை வீடுகளைத் தனி வீடுகளாக மாற்ற அரசே திட்டம் வகுக்க வேண்டியதாயிற்று. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம்மவர் சொன்னது வீண்சொல்லன்று. சிக்கனம் வேறு, சிறுமைப்படுத்துதல் வேறு. ஏழைக்கென்று ஊருக்கு வெளியே, நீரும் பள்ளியும் சாலையும் இல்லாத மேட்டில் வரிசையாகக் கட்டித்தரும் வீடு, அளவில் எத்துணைப் பெரியதாயினும் பழைய சேரியின் மறுபிறப்பே ஆகும்.

எனவே பேச்சு மீண்டும் நிலத்திற்கே வருகின்றது. வரைபடத்தால் சுவரின் செலவைக் குறைக்கலாம். மனையின் விலையைக் குறைக்க வரைபடத்தால் இயலாது. மனையே வாங்க இயலாதவனிடம் சிறு வீட்டின் சிறப்பைக் கூறுவது, பசித்தவனிடம் சமையற்கலையைக் கூறுவதை ஒக்கும். ஆகையால் ஊர்தோறும் எஞ்சியிருக்கும் நத்தம் நிலம் வீடற்றவர்க்கு முதலில் சென்று சேர வேண்டும். வீடு உடையவர் அதனை வளைத்துக்கொள்ள இடந்தரலாகாது. நிலமற்றோர்க்கு நிலமும் வீடும் பெற்றுத்தருவதையே தம் தொண்டாகக் கொண்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இம்மாவட்டத்தில் பிறந்தவரே. உழுபவனின் நில உரிமை இயக்கத்தை அவர் 1981-இல் தம் கணவரோடு தோற்றுவித்தார். நிலத்தைப் பெரும்பாலும் பெண்களின் பெயரில் பெற்றுத்தந்தது அவ்வியக்கத்தின் சிறப்பு. மனை பெண்ணின் பெயரில் இருப்பின், குடிக்கும் சூதுக்கும் அஃது எளிதில் இரையாவதில்லை. 2025 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, 10 இலட்சம் ரூபாய்வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்யுங்கால் தமிழ்நாட்டரசு பதிவுக் கட்டணத்தில் சலுகை அளிக்க முன்வந்ததும் இந்நோக்கம் பற்றியே.

மனை வாங்குவோர்க்கும் ஒரு கடமை உண்டு. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016-இல் தடை விதித்தது. 2017-இல் அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அதற்கு முன்பு, வண்ணக் கொடியையும் விலைக்குறைவையும் மட்டும் கண்டு பணங்கொடுத்த எளியவர் பலர் அல்லற்பட்டனர். அங்கீகாரத்தையும் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் பாராமல் மனை வாங்குதல், கடைக்கால் இல்லாமல் சுவர் எழுப்புவதற்கு நிகர்.

வீடு என்பது மற்றவர்க்குக் காட்டுவதற்காக எழுப்பும் நினைவுச் சின்னம் அன்று. உழைத்துக் களைத்தவன் சாய்வதற்கும், குழந்தை அச்சமின்றி உறங்குவதற்கும், மழை நாளில் அடுப்பு அணையாமல் எரிவதற்கும் அமைந்த இடமே வீடு. அப்பணிகளைச் செய்யும் 400 சதுர அடி வீடு, கடனால் நடுங்கும் மாளிகையினும் உயர்ந்தது. வாழும் நிலத்திற்கு வரி கேளாத பெருந்தன்மையை முன்னோரிடமிருந்து பெறலாம். வாழும் நிலத்தைச் சேரிக்கு மறுத்த சிறுமையை அவர்களோடு விட்டுவிடலாம். ஊர் வளர்கின்றது என்பதை மனையின் விலையைக் கொண்டு அளத்தல் தகாது. அவ்வூரில் கூலிக்கு உழைப்பவனும் தன் வருவாய்க்குள் ஒரு வாயிற்படியைத் தனதென்று மிதிக்க இயலுகின்றதா என்பதே உண்மையான அளவுகோல். அவ்வளவுகோலுக்கு ஈடுகொடுக்கும் நாளில்தான் நத்தம் என்னும் பெயர் தன் முழுப் பொருளையும் பெறும்.